புதுப்பிப்பு: ரெய்டிலிருந்து விலகிய வட்டு

அலுவலக லினக்ஸ் சர்வரில் ரெய்டு 1 முறையில் (ஒரே தரவை இரு வட்டுகளிலும் எழுதும் முறை) இணைந்த இரண்டு 4 டெராபைட் வட்டுகளில் ஒன்று அந்த இணைப்பிலிருந்து அடிக்கடி விலகுகிறது என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். கேபிளை மாற்றச் சொன்னவர்களுக்கு நன்றி, மாற்றியும் பயனில்லை. வட்டு தன் நிலையைத் தானே கண்காணித்துத் தரும் ஸ்மார்ட் அறிக்கையில் படிக்க முடியாத செக்டர்கள் (வட்டின் சிறு சேமிப்புத் துண்டுகள்) கூடிக்கொண்டே போயின. புது வட்டு வாங்கிவிட்டேன்.

பழுதான வட்டைக் கழற்றுவதற்கு முன் அதன் வரிசை எண்ணை இரண்டு முறை சரிபார்த்தேன். தவறிப்போய் நல்ல வட்டை உருவியிருந்தால் சர்வர் அப்போதே நின்றிருக்கும். புது வட்டில் தரவை எழுத, மீதமிருந்த ஒற்றை வட்டை முழுவதுமாகப் படிக்க வேண்டியிருந்ததால், எல்லாவற்றையும் முதலில் வெளி வட்டில் நகலெடுத்தேன். ரெய்டு காப்பு நகல் ஆகாது. ஒன்றில் அழித்த கோப்பு மற்றதிலும் அழியும்.

முன்பு விலகிய பழைய வட்டைத் திரும்பச் சேர்த்தபோது ஒத்திசைய சில நிமிடங்களே ஆயின, ஏனென்றால் இடையில் மாறிய பகுதிகளை பிட்மேப் என்ற ரெய்டின் குறிப்பேடு குறித்து வைத்திருந்தது. முழுவதையும் எழுத வேண்டிய புது வட்டுக்கு ஒன்பது மணி நேரம்.

பிறகு அதை மட்டும் வைத்துத் தொடங்கிப் பார்த்தேன், சர்வர் எழவில்லை! எங்கள் ரெய்டு பார்ட்டிஷன்களை (வட்டில் பிரித்த பகுதிகளை) மட்டுமே பிரதியெடுக்கிறது, துவக்கப் பகுதி அதற்கு வெளியே இருக்கிறது. புது வட்டிலும் கிரப்பை (லினக்ஸைத் துவக்கும் நிரலை) நிறுவிய பின் எழுந்தது. இப்போது இரண்டு வட்டுகளும் ஒத்திசைவில் இருக்கின்றன.