பெரிலியச் செம்பு: ‘தோய்ச்சல்’ பொருந்துமா?

அன்புடையீர்,

நம் கலைச்சொல் தொகுப்பில் சேரவுள்ள, பெரிலியம் என்னும் உலோகம் கலந்த செம்பை ‘வைடூரியச் செம்பு’ என அழைக்கலாம் என்று முன்னர் எழுதிய நண்பரின் வாதத்தில் நயம் உண்டு. 1798இல் வோக்லன் இத்தனிமத்தைக் கண்டறிந்தது பெரில் என்னும் மணிக்கல்லில். இரத்தினபுரிப் பூனைக்கண் வைடூரியத்திலும் பெரிலியம் இருக்கவே செய்கிறது. ஆயினும் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைத் திருத்துநர் ஒருவரிடம் அப்பெயரைச் சொன்னால், அவர் மோதிரக்கல்லைத்தான் நினைப்பார். ‘பெரிலிய வெண்கலம்’ என்றால் இல்லாத வெள்ளீயத்தைத் தேடவேண்டி வரும். ‘பெரிலியச் செம்பு’ போதும்.

உண்மையில் நாம் தடுமாறுவது இக்கலப்புலோகத்தை வன்மையாக்கும் முறைக்குப் பெயரிடும் இடத்தில்தான். ‘தோய்ச்சல்’ என்ற பழஞ்சொல்லை மீட்கலாம் என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். கவ்வாத்துக் கத்தியைப் பழுக்கக் காய்ச்சி நீரில் தோய்த்தால் உருக்கு அக்கணமே வன்மையடைகிறது. பெரிலியச் செம்பிலோ நிகழ்வது இதற்கு நேர்மாறானது. ஏறத்தாழ 2% பெரிலியம் உள்ள வகையை 800 பாகை செல்சியசு அளவுக்குச் சூடாக்கினால் பெரிலியம் செம்பினுள் கரைகிறது. உடனே நீரில் தோய்த்தால் வெளியேற வழியின்றி அங்கேயே சிக்கிக்கொள்கிறது, உலோகமும் மென்மையாகவே இருக்கிறது. வேண்டிய வில்லாகவோ (ஸ்பிரிங்) தகடாகவோ அதை வளைத்துக்கொள்வது இந்நிலையில்தான். பின்னர் 315 பாகையளவில் இரண்டு மூன்று மணித்தியாலம் வைத்திருக்கும்போது, பெரிலியம் நிறைந்த மிக நுண்ணிய துணிக்கைகள் உலோகத்தின் பளிங்குகளுக்குள் (அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட மணிகளுக்குள்) தோன்றி, அணுத்தளங்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதைத் தடுக்கின்றன. இழுவைவலிமை (இழுத்தால் அறாமல் தாங்கும் வலிமை) 1200 மெகாபஸ்காலையும் தாண்டுகிறது. கரைந்திருந்த பெரிலியத்தின் ஒரு பகுதி விலகுவதால் மின்கடத்துதிறனும் சற்று உயர்ந்து, தூய செம்பினதில் காற்பங்கு அளவை எட்டுகிறது.

ஆகவே ‘தோய்ச்சல்’ மாணவரைத் தவறான படியில் நிறுத்திவிடும். ஆங்கிலத்தின் precipitation hardening என்பதைப் பெயர்த்த ‘வீழ்படிவு வன்மையாக்கல்’ என்பதும் எனக்கு உவப்பாக இல்லை. திண்மத்துக்குள் எதுவும் வீழ்ந்து படிவதில்லை. ‘முதிர்த்தல்’ என்பதை இரண்டாம் சூடாக்கலுக்கும், ‘முதிர்வன்மையாக்கல்’ என்பதை முழு முறைக்கும் முன்மொழிகிறேன். அளவுக்கு மீறி வைத்திருந்து வலிமை குன்றினால் ‘மிகைமுதிர்வு’ என்றும் இயல்பாகச் சொல்லலாம்.

தொகுப்பில் பெரிலியச் செம்பின் பயன்களை எழுதும்போது வில்களையும் மின்தொடுகைகளையும் முதலில் வைக்கலாம். அமுக்கமானியைத் திறந்தால் கொக்கிபோல் வளைந்த தட்டைக் குழாய் ஒன்று தெரியும். அமுக்கம் ஏற அது சற்றே நிமிர, நுனியோடு பிணைந்த பற்சக்கரம் முள்ளைத் திருப்பும். பல்லாயிரம் தடவை நிமிர்ந்தும் பழைய வடிவுக்கே மீளவேண்டிய இக்குழாயைச் சில மானிகளில் பெரிலியச் செம்பால் செய்கிறார்கள். பெற்றோல் ஆவி சூழ்ந்த இடங்களுக்கான, எளிதில் தீப்பொறி எழுப்பாத சுத்தியல்களும் இதிலிருந்து வருகின்றன. கடத்துதிறன் முதன்மையாகத் தேவைப்படும் பற்றவைப்பு மின்வாய்களுக்குப் பெரிலியம் 0.2 முதல் 0.6% வரையுள்ள வேறு வகை உண்டு.

ஒன்றை மட்டும் வலியுறுத்துவேன். தொகுப்பின் பதிவில் ‘நஞ்சு உலோகம்’ என்று பொதுப்பட எழுதவேண்டாம். திண்மத் துண்டைக் கையால் தொடுவதில் அச்சமில்லை. அரைக்கும்போதும் உருக்கும்போதும் எழும் தூசும் புகையும் நுரையீரலுக்குத் தீராத நோயைத் தரக்கூடியவை. ‘இதன் தூசைச் சுவாசிக்காதீர், உலர்நிலையில் அரைக்காதீர்’ என்ற தொடரைச் சொல்விளக்கத்தின் முதல் வரியிலேயே சேர்க்குமாறு வேண்டுகிறேன்.