2014 ஆம் ஆண்டின் சிறு திருட்டுத் தீர்ப்பு: கனடாவில் அதைப் பதிவிலிருந்து விலக்க முடியுமா?

கேட்பவர்: ஸ்காபறோவாசி
வணக்கம். 2014 இல் கடையொன்றில் ஒப்பனைப் பொருட்களுக்குப் பணம் கட்டாமல் வெளியேறியபோது பிடிபட்டேன். வழக்கு சிறு குற்றமாக, அதாவது சமரி முறையில், நடத்தப்பட்டு 300 டொலர் தண்டப்பணம் விதிக்கப்பட்டது. அதைத் தவணையில் கட்டினேன். பிறகு எந்த வழக்கும் இல்லை. இப்போது முதியோர் பராமரிப்புப் பயிற்சியை முடித்திருக்கிறேன், வேலை தரும் இல்லம் பொலிஸ் சான்றிதழ் கேட்கிறது. காலம் போனால் பதிவு தானாக அழிந்துவிடும் என்கிறார்கள், உண்மையா?

பதில் 1: மாறன்
அழியாது. நிபந்தனையற்ற டிஸ்சார்ஜ் (குற்றவாளி என்று கண்டாலும் குற்றத்தீர்ப்புப் பதியாமல் விடுவிப்பது) ஓராண்டிலும், நிபந்தனையுடனான டிஸ்சார்ஜ் மூன்றாண்டுகளிலும் ஆர்.சி.எம்.பி என்ற கனடிய மத்திய பொலிஸின் பதிவிலிருந்து விண்ணப்பமின்றியே நீக்கப்படும். அந்தக் கதையைத்தான் எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டார்கள். உங்களுக்குத் தண்டப்பணம் விதிக்கப்பட்டதால் அது குற்றத்தீர்ப்பே. கனடியப் பரோல் சபையிடம் றெக்கோர்ட் சஸ்பென்ஷனுக்கு, அதாவது குற்றப்பதிவைத் தனியாக ஒதுக்கி வைக்கும் உத்தரவுக்கு, விண்ணப்பிக்க வேண்டும்; 2012 வரை அதைப் பார்டன் (மன்னிப்பு) என்றார்கள். சமரிக் குற்றத்திற்குக் காத்திருப்பு ஐந்து ஆண்டுகள்.

பதில் 2: வன்னியன்
அந்த ஐந்து ஆண்டுகள் எந்த நாளிலிருந்து என்பதில்தான் நான் விழுந்தேன். 2013 இல் எனக்குத் தீர்ப்பு வந்தது. ஆகவே 2018 இல் தகுதி பெறுவேன் என்று கணக்கிட்டு, அன்றைய கட்டணமான 600 டொலருக்கும் மேற்பட்ட தொகையைச் சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் வீடு மாறிய காலத்தில் 120 டொலர் பாக்கி விடுபட்டிருந்ததை நீதிமன்றப் படிவம் காட்டியது. அதை நான் கட்டியது 2017 இல். தண்டனை முழுவதும் நிறைவேறிய பின்னரே காலம் ஓடத் தொடங்கும் என்பதால் 2022 வரை காத்திருந்தேன். அந்த ஆண்டு ஜனவரியில் கட்டணம் 50 டொலராகக் குறைந்ததுதான் கிடைத்த ஒரே ஆறுதல். எனவே கைரேகைக்குப் பணம் செலவழிக்கும் முன், வழக்கு நடந்த நீதிமன்றத்தில் உங்கள் கடைசித் தவணையின் திகதியைக் கேளுங்கள். பிறகு கைரேகை மூலம் ஆர்.சி.எம்.பி பதிவுப் பிரதி, கடந்த ஐந்து ஆண்டுகளில் வசித்த ஊர்களின் பொலிஸ் படிவம் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.

பதில் 3: நிலா
இதையெல்லாம் செய்து தருவதாகச் சொல்லும் முகவர்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள். படிவங்கள் சபையிடம் இலவசமாகவே கிடைக்கின்றன. பதிவு தனியாக ஒதுக்கி வைக்கப்படுமே தவிர அழிக்கப்படாது, மீண்டும் குற்றம் புரிந்தால் திரும்ப வரக்கூடும். அமெரிக்க எல்லையில் இந்த உத்தரவு செல்லுபடியாகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஸ்காபறோவாசி
மூவருக்கும் நன்றி. நீதிமன்றத்தில் கேட்டுவிட்டேன்: கடைசித் தவணை 2016 நவம்பரில் கட்டப்பட்டிருக்கிறது, பாக்கி எதுவும் இல்லை. ஆக, 2021 நவம்பரிலேயே தகுதி பெற்றுவிட்டேன், எனக்குத்தான் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை கைரேகை கொடுக்கிறேன்.