புதுப்பிப்பு: கைப்பேசியில் படங்கள் வெளிறித் தெரிந்த சிக்கல் தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: பாட்டியின் பிறந்தநாள் படங்களை கிம்ப் மென்பொருளில் திருத்தினேன். மடிக்கணினியில் அழகாக இருந்தவை, உறவினர்களுக்கு அனுப்பியதும் சோகை பிடித்துப்போயின. அரக்குப் பட்டு செங்கல் நிறமாகிவிட்டது.

முதலில் வண்ணச் செறிவைக் கூட்டிப் பார்த்தேன். பட்டு தேறியது, மாமாவின் முகம் ஆரஞ்சுப் பழமானது.

"நிறவெளியைப் பாருங்கள்" என்ற ஆலோசனைதான் பலித்தது. படத்தில் உள்ள நிற எண்களை எந்தெந்த நிறங்களாகக் காட்ட வேண்டும் என்ற வரையறைதான் நிறவெளி. என் கேமரா அடோபி ஆர்ஜிபி என்ற அகன்ற நிறவெளியில் படம் பிடித்துக்கொண்டிருந்தது. அனுப்பும் வழியில், எந்த நிறவெளி என்று சொல்லும் நிறக் குறிப்பு நீங்கிவிட, கைப்பேசி படத்தை எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான நிறவெளி என்றே எடுத்துக்கொண்டது போலும். கிம்ப்பில் 'இமேஜ்' பட்டியலில் நிற மேலாண்மைக்குள் சென்று, எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, ஜேபெக்காக ஏற்றுமதி செய்தேன். அரக்கு திரும்பி வந்தது.

ஓர் எச்சரிக்கை: 'கன்வர்ட்' என்பதற்குப் பதில் 'அசைன்' என்பதை முதலில் சொடுக்கிவிட்டேன். 'கன்வர்ட்' நிறம் மாறாதபடி எண்களை மாற்றும்; 'அசைன்' எண்களை அப்படியே விட்டு நிறவெளியின் பெயரை மட்டும் மாற்றும். கைப்பேசியில் நடந்ததைப் போலவே மடிக்கணினியிலும் படம் வெளிறியது. நோயின் காரணம் உண்மையில் எனக்குப் புரிந்தது அப்போதுதான்.

எதிர்பாராத ஒன்று: கேமரா அமைப்பையும் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றியதும், கோப்புப் பெயர்களின் முன்னால் இருந்த அடிக்கோடு மறைந்தது. அடோபி ஆர்ஜிபிக்கு அதுதான் அடையாளமாம்! இத்தனை நாள் கண்ணெதிரே இருந்திருக்கிறது.

மூலப் படங்களைத் தனியாக நகலெடுத்து வைத்திருந்ததால் இத்தனை தவறுகளையும் பயமின்றிச் செய்ய முடிந்தது. புதிதாகத் தொடங்குபவர்கள் அதை மட்டும் செய்துவிட்டு, எதை வேண்டுமானாலும் சொடுக்கிப் பாருங்கள்.

படங்களை மறுபடி அனுப்பிவிட்டேன். மூக்குத்தி பளிச்சென்று தெரியவில்லை என்பது பாட்டியின் புதிய குறை.