பூட்டிய அறைக்குள் எழுதிய படையலை யார் வாசிப்பது?

கொட்டகலை தம்பி:
போன மாதம் தாத்தாவுக்கு லயத்தில் திதி. இலையில் சோறு, கறி, சுருட்டு, கால் போத்தல் சாராயம் எல்லாம் வைத்தாயிற்று, ஆனால் பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் வருவார் என்று அப்பாயி பிடிவாதம். புருஷன் பேரை அவர் சொல்ல மாட்டார், அதனால் பெரியப்பா வரும்வரை எல்லோரும் பட்டினி. அன்றிரவு போனில் உனாஸ் என்ற எகிப்து அரசனின் பிரமிடைப் பார்த்தேன். சவப்பெட்டி அறையின் வடக்குச் சுவரில் பாண், பியர், எண்ணெய் என்று படையல் வாசகங்கள். கதவை அடைத்த பிறகு அதை யார் வாசிப்பார்கள்?

பதுளை வாத்தியார்:
தம்பி, வாசிக்கிற வேலை வெளியே நடந்தது. பிரமிடை ஒட்டிய கோயிலில் பூசாரிகள் படைத்து, வாயால் சொல்வார்கள். அவர்கள் ஒரு நாள் நின்றுபோனாலும் சொல் அரசனோடு இருக்கட்டும் என்றுதான் உள்ளே செதுக்கினார்கள். உனாஸ் 5ஆம் வம்சத்தின் கடைசி அரசன், சுமார் கி.மு. 2350. சக்காராவில் உள்ள அந்தப் பிரமிடுக்குள் 1881இல் மஸ்பெரோ என்ற பிரெஞ்சு ஆய்வாளர் போனார். அதற்கு முந்தைய பிரமிடுகளுக்குள், கீசாவின் பெரிய பிரமிடு உட்பட, இப்படிப்பட்ட வாசகங்கள் கிடையாது. படைக்கிற பொருள் எதுவானாலும் பெரும்பாலும் அதற்கு 'ஹோரஸின் கண்' என்றுதான் பெயர். ஹோரஸ் என்ற கடவுளிடமிருந்து சேத் என்ற கடவுள் பிடுங்கிய கண் திரும்பக் கிடைத்தது போல, செத்தவன் இழந்தது திரும்புகிறது என்று கணக்கு. வெங்காயமோ ஹோரஸின் வெள்ளைப் பற்கள்! அப்புறம், படையலுக்கு அவர்கள் வைத்திருந்த ஒரு சொல்லுக்கே 'குரல் வெளிவருதல்' என்றுதான் பொருள். உங்கள் அப்பாயி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

பண்டாரவளை அக்கா:
சேர், ஒன்று விட்டுவிட்டீர்கள். பின்னால் வந்த சில பிரமிடுகளில் ஆள், மிருகம் வடிவ எழுத்துகளைப் பாதி உடம்போடுதான் செதுக்கினார்கள். முழுசாக விட்டால் அது எழுந்து அரசனுக்கு ஏதாவது செய்துவிடும் என்ற பயம்தான் காரணம் என்கிறார்கள்.

மஸ்கெலியா மச்சான்:
ராசாவுக்குப் பூசாரி இருந்தான், மற்றவர்கள் என்ன செய்வது? அதிகாரிகளின் கல்லறைகளில், வழியில் போகிறவர்களே, ஆயிரம் பாண், ஆயிரம் பியர் என்று எனக்காகச் சொல்லிவிட்டுப் போங்கள் என்று எழுதி வைத்தார்கள். கையில் எதுவும் இல்லாவிட்டாலும் வாயால் சொன்னால் போதுமாம், செலவில்லை.

கொட்டகலை தம்பி:
எல்லாவற்றையும் அப்பாயியிடம் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்த ராசா பொஞ்சாதியும் பேரு சொல்ல மாட்டா போல, அதான் செவுத்துல எழுதி வச்சிருக்காங்க" என்றார்.