ஏபிஎஸ் விளக்கு: புதுப்பிப்பு, காரணம் பேரிங்தான்

முன்பு கேட்டிருந்தது இது: இடது முன்சக்கர பேரிங் மாற்றிய பின் ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கு எரிகிறது, ஸ்கேனரில் பிழைக் குறியீடு C0035 (இடது முன்சக்கர வேக சென்சார்), புது சென்சார் போட்டும் அணையவில்லை. இப்போது சரியாகிவிட்டது.

வண்டி நின்றிருக்கும்போது விளக்கு அணைந்திருந்து, நகர்ந்ததும் எரிந்தால் வயர் அறுந்திருக்க வாய்ப்பு குறைவு, சிக்னலைச் சந்தேகியுங்கள். நான்குநேரி நாலுவழிச் சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்கேனரில் நான்கு சக்கர வேகத்தையும் பார்த்ததில், மூன்று 30, இடது முன் 0. கனெக்டரில் 12 வோல்ட் வந்தது. இப்படி மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்கிற ஆக்டிவ் சென்சாரை ஓம் மீட்டரில் அளக்கவே கூடாது. ஒன்றும் தெரியாது, சென்சாரும் கெட்டுப்போகலாம்.

பேரிங் சீலின் ஒரு பக்கத்தில் காந்த வளையம் இருக்கும். அதை வைத்துத்தான் சென்சார் சக்கர வேகத்தை அறியும், அதனால் அது சென்சாரைப் பார்த்து இருக்கணும். என் வண்டியில் பேரிங்கைத் திருப்பி அடித்திருந்தார்கள்! கழற்றும்போது பேரிங் சேதமாகும் என்பதால் மறுபடி புதிதுதான் போடணும். பிரஸ் பண்ணும் முன் மெல்லிய குண்டூசியைத் தொட்டுப் பாருங்கள். ஒட்டுகிற பக்கம்தான் காந்தம். வலுவான காந்தத்தை மட்டும் கிட்டே கொண்டுபோக வேண்டாம், வளையம் பாழாகும்.

திசையன்விளை, உவரிப் பக்கம் ஓடுகிற வண்டி என்றால் சென்சார் முனையில் தேரி மண்ணும் (அந்தப் பக்கத்துச் செம்மணல்) டிஸ்க் இரும்புத் தூளும் அப்பியிருக்கும். முதலில் அதைத் துடையுங்கள்.

ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் பிடிக்கும், ஆனால் மழையில் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.