லோன் கட்ட முடியலைன்னா பெரியவங்களுக்கு ஒரு ரூல், நமக்கு ஒரு ரூலா?

தறிக்காரன்_பல்லடம்:

வணக்கங்க. கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்குங்க. எங்களுக்கு பல்லடம் பக்கம் ஒரு கிராமம், அப்பா காலத்துல இருந்து கூலிக்கு தறி ஓட்டறோம். 2018ல என் பேர்ல பேங்க்ல 22 லட்சம் லோன் போட்டு தறியை மாத்துனோம், அடமானம் குடியிருக்கற வீடும் தறிக் குடோனும். லாக்டவுன்ல ஆறு மாசம் கட்ட வேண்டாம்னாங்க, ஆனா அந்த வட்டி பாக்கியோட சேர்ந்துகிச்சு. அப்புறம் நூல் விலை எகிறி ஜவுளிக்காரங்க பாவு (நெய்யறதுக்கு குடுக்கற நூல்) குடுக்கறதையே குறைச்சாங்க, 2022 செப்டம்பர்ல கரண்ட் சார்ஜ் ஏறுச்சு, ஆறு நாள் ஓடுன தறி மூணு நாள் ஆச்சு. முக்கித்தக்கி கட்டிட்டு தான் இருந்தோம், போன வருசம் அப்பாவுக்கு ஆபரேசன் வந்தப்ப நின்னு போச்சுங்க. இப்ப வட்டியோட 27 லட்சம்.

சம்சாரத்து நகை, அக்கா குடுத்தது, பங்காளிக கூட இருந்த கொஞ்சம் பூமியை வித்தது எல்லாம் சேர்த்து 19 லட்சம் ஒரே தவணைல கட்டறேன் முடிச்சுக்கலாம்னு ஓடிஎஸ் (ஒரே தடவைல குறைச்சு கட்டி கணக்கை முடிக்கறது) கேட்டு எழுதிக் குடுத்தேன். 'தங்கள் கோரிக்கையை ஏற்க இயலாது'ன்னு ஒரே வரில பதில். ஏன்னு காரணம் இல்ல, எவ்வளவு கட்டுனா ஆகும்னும் இல்ல.

18 நாளைக்கு முன்னாடி காலைல ஏழரைக்கு ரெண்டு ஆபீசரும் போட்டோ எடுக்க ஒரு பையனும் வந்தாங்க. நிலைக்கதவுல அம்மா மஞ்ச குங்குமம் வெச்ச இடத்துக்கு மேலயே பசை தடவி பொசஷன் நோட்டீசை, அதான் சொத்தை பேங்க் எடுத்துக்கிச்சுங்கற நோட்டீசை, ஒட்டுனாங்க. அம்மா வாசல் தெளிச்சுட்டு இருந்தவங்க வாளியோட அப்படியே நின்னுட்டாங்க. மூணு நாள் கழிச்சு தமிழ் பேப்பர்லயும் இங்கிலீஷ் பேப்பர்லயும் பேர், அப்பா பேர், வீட்டு சர்வே நம்பர் எல்லாம் வந்துருச்சு, டீக்கடைல அந்தப் பக்கத்தை எனக்காக மடிச்சு வெச்சிருந்தாங்க.

இப்ப என் கேள்வி. மச்சான் ஒரு வீடியோ அனுப்புனான், ஆயிரக்கணக்கான கோடி பாக்கி வெச்ச கம்பெனிககிட்ட நூத்துக்கு அஞ்சு பத்து வாங்கிட்டு கணக்கை முடிச்சுட்டாங்கன்னு. அது நிஜமாங்க? நிஜம்னா நான் நூத்துக்கு எழுவது தர்றேங்கறேன், எனக்கு ஏன் ஆகாது? கடனை ஏமாத்தணும்னு கேக்கலீங்க. ரூலே அப்படித்தான்னா அப்படின்னு சொல்லிருங்க, தெரிஞ்சுக்கறேன்.

ஓய்வு_மேனேஜர்:

தம்பி, 31 வருசம் பொதுத்துறை வங்கில இருந்தேன், கடைசி 9 வருசம் கிளை மேலாளர். உங்களுக்கு வந்த மாதிரி ஒரு வரி கடிதத்துல நானும் கையெழுத்து போட்டிருக்கேன், அதனால எனக்குத் தெரிஞ்சதை மறைக்காம சொல்றேன்.

முதல்ல ஒண்ணு, ரைட் ஆஃப் வேற, தள்ளுபடி வேற. 2014-15ல இருந்து 2022-23 வரைக்கும் ஒன்பது வருசத்துல வங்கிகள் 14.56 லட்சம் கோடி ரைட் ஆஃப் பண்ணுச்சுன்னு அரசாங்கமே பார்லிமெண்ட்ல சொல்லிச்சு, அதுல பாதி, அதாவது 7.4 லட்சம் கோடி பெரிய தொழில், சேவை நிறுவனங்களோடது. கடன் வாங்கினவர் பொறுப்பு அதனால போயிடாது, பேலன்ஸ் ஷீட்ல இருந்து தான் எடுக்கிறாங்க, வசூல் நடவடிக்கை தொடரும். இதைத்தான் நான் வேலைல இருந்தப்ப எல்லாருக்கும் சொல்லிட்டு இருந்தேன். ஆனா அதே காலத்துல ரைட் ஆஃப் பண்ணினதுல இருந்து திரும்ப வந்தது சுமார் 2 லட்சம் கோடி தான், அதையும் சேர்த்து சொன்னா தான் நியாயம்.

உங்க 19 லட்சம் ஏன் ஆகலைன்னா, உங்க வீடும் குடோனும் சேர்த்து மதிப்பு 27 லட்சத்துக்கு மேல தான் இருக்கும், சரியா? ஏலம் போட்டா முழுசா வரும்னு ஃபைல்ல இருக்கும்போது எந்த மேனேஜரும் 8 லட்சத்தை விட்டுக்குடுத்து கையெழுத்து போட மாட்டாரு. நாளைக்கு விஜிலன்ஸ்ல (வங்கியோட கண்காணிப்புப் பிரிவு) 'செக்யூரிட்டி இருக்கும்போது எதுக்கு குறைச்சீங்க'ன்னு கேட்டா அவர் பென்ஷன் நின்னு போகும். வேண்டாம்னு எழுதினதுக்காக மாட்டின ஒருத்தரை நான் பார்த்ததில்ல, சரின்னு எழுதி மாட்டினவங்களை பார்த்திருக்கேன்.

பெரிய கம்பெனி கதை தலைகீழ். அங்க விக்கிறதுக்குன்னு எதுவும் மிஞ்சியிருக்காது, துருப்பிடிச்ச மெஷினும் கேஸ்ல கிடக்கிற நிலமும் தான். முடிவு எடுக்கிறதும் ஒரு ஆள் இல்ல, கடன் குடுத்த வங்கிகள் எல்லாம் கமிட்டியா உக்காந்து 66 சதவீத ஓட்டுல பாஸ் பண்ணுவாங்க, அதுக்கு மேல கம்பெனி வழக்கு ட்ரிப்யூனல் (தீர்ப்பாயம்) முத்திரை. யாரும் தனியா மாட்ட மாட்டாங்க. நீங்க ஒழுங்கா முழு மதிப்புக்கு அடமானம் வெச்சீங்க பாருங்க, அதுவே உங்களுக்கு எதிரா நிக்குது. இதை எழுதும்போது எனக்கே சங்கடமா தான் இருக்கு.

கடன்_கடன்தான்:

வருத்தமா தான் இருக்கு ஆனா ஒண்ணு சொல்லணும். பேங்க்ல இருக்கிறது எங்கப்பா மாதிரி ஆளுங்க போட்ட எஃப்டி காசு. எல்லாருக்கும் குறைச்சா அந்தக் காசு எங்க இருந்து வரும்? பெரியவன் தப்பிக்கிறான்னா அவனை பிடிங்க, அதுக்காக எல்லாரையும் விடுங்கன்னு கேட்கிறது சரியா படல.

தறிக்காரன்_பல்லடம்:

விடச் சொல்லலீங்க. ஒரே மாதிரி நடத்தச் சொல்றேன். அவங்களுக்கும் வீட்டுக் கதவுல ஒட்டட்டும், இல்லீன்னா எனக்கும் உக்காந்து பேச ஒரு மேசை குடுக்கட்டும்.

வக்கீல்_கோவை:

நான் கோவை டிஆர்டில, அதான் கடன் வசூல் தீர்ப்பாயத்துல, வழக்கு நடத்துறேன். வீடியோ பாதி நிஜம். வீடியோகான் வழக்குல கடன் குடுத்தவங்களுக்கு வர வேண்டியதுன்னு ஏத்துக்கிட்ட பாக்கி ஏறக்குறைய 64,800 கோடி, வாங்க வந்தவங்க தர்றேன்னு சொன்னது 2,962 கோடி. 2021 ஜூன்ல மும்பை ட்ரிப்யூனல் கிட்டத்தட்ட ஒண்ணுமே தரலையேன்னு எழுதிட்டு, எழுதின கையோட அனுமதியும் குடுத்துச்சு. அதை 2022 ஜனவரில மேல்முறையீட்டுல ரத்து பண்ணாங்க, அதையும் சொல்லணும். நம்ம சென்னை சிவா இண்டஸ்ட்ரீஸ் வழக்குல 4,800 கோடிக்கு மேல பாக்கி, 500 கோடிக்கும் கீழ செட்டில்மெண்ட். ட்ரிப்யூனல் முடியாதுன்னுச்சு, ஆனா 2022 ஜூன்ல சுப்ரீம் கோர்ட் அனுமதிச்சது. 90 சதவீதத்துக்கு மேல வங்கிகள் ஓட்டு போட்டு எடுத்த வணிக முடிவு, அதுல கோர்ட் தலையிடக் கூடாதுன்னு காரணம்.

இப்ப இதோட இன்னொண்ணை வெச்சுப் பாருங்க. 2021 டிசம்பர்ல அதே சுப்ரீம் கோர்ட், ஒரு கூட்டுறவு வங்கி வழக்குல, ஓடிஎஸ் கேட்கிறது கடன்காரரோட உரிமை இல்ல, குடுக்கிறதா வேண்டாமாங்கிறது வங்கியோட வணிக முடிவுன்னு சொல்லிச்சு. ரெண்டு தீர்ப்பும் சொல்றது ஒண்ணே தான், வங்கி முடிவு பண்ணிக்கட்டும்! எழுத்துல முரண்பாடே கிடையாது. ஆனா அந்த ஒரே வாசகம் ஒருத்தருக்கு 90 சதவீதம் விட்டுக்குடுக்குது, இன்னொருத்தர் வாசலுக்கு பசை டப்பாவோட வருது. நான் கோர்ட்ல நின்னு வருத்தப்படுற இடம் இது தான்.

முரண்பாடு உண்மையிலேயே இருக்கிற இடம் வேற. கம்பெனி மேல திவால் மனு அட்மிட் ஆன அன்னிக்கே 2016 திவால் சட்டத்தோட 14ஆவது பிரிவுல மாரட்டோரியம், எந்த வங்கியும் சர்ஃபேசி சட்டத்துல (கோர்ட்டுக்கு போகாமலே வங்கி அடமானத்தை எடுத்து விக்கிற சட்டம்) சொத்தை தொட முடியாது. மூச்சு விட நேரம் கிடைக்கும். உங்களை மாதிரி சொந்தப் பேர்ல தொழில் பண்றவங்களுக்கும் தனிநபர்களுக்கும் அதே 2016 சட்டத்துல தனியா ஒரு பகுதி எழுதி வெச்சிருக்காங்க, ஆனா கம்பெனிக்கு பர்சனல் கேரண்டி போட்டவங்களுக்கு மட்டும் 2019 டிசம்பர்ல அமல்படுத்திட்டு மத்தவங்களுக்கு அமலுக்கே கொண்டு வரல. சிறுதொழிலுக்குன்னு 2021ல கொண்டு வந்த ப்ரீபேக் திட்டமும் (முன்கூட்டியே பேசி வெச்சுட்டு ட்ரிப்யூனலுக்கு போறது) கம்பெனிக்கும் எல்எல்பிக்கும் (பொறுப்பு வரையறுத்த கூட்டு நிறுவனம்) தான். அப்ப நமக்கு மிச்சம் என்ன? 1920ல வெள்ளைக்காரன் போட்ட இன்சால்வென்சி சட்டம், நம்ம ஊர்ல மஞ்சக் கடுதாசின்னு சொல்றது. அதைக் குடுத்தாலும் அடமானம் பிடிச்ச வங்கி வீட்டை விக்கிறதை அது தடுக்காது, ஊர்ல மானம் போறது தான் மிச்சம். கம்பெனி திவாலானா ரெசல்யூஷன்னு சொல்றோம், நெசவாளி திவாலானா மஞ்சக் கடுதாசி குடுத்துட்டான்னு சொல்றோம். பாஷைலயே ரெண்டு வெச்சிருக்கோம்.

மன்னார்குடி_அக்கா:

நான் படிச்சவ இல்லைங்க, தப்பா இருந்தா சொல்லுங்க. கம்பெனி நஷ்டமானா முதலாளி சொந்த சொத்து தனின்னு சொல்றாங்கல்ல, லிமிடெட்னு. எங்க மைக்ரோ ஃபைனான்ஸ் குழுல பத்து பேரு, ஆளுக்கு 40 ஆயிரம். ஒருத்தி புருசன் இறந்து போய் அம்மா வீட்டுக்கு போயிட்டா. அடுத்த சென்டர் மீட்டிங்ல அவ தவணையை நாங்க ஒன்பது பேரும் பிரிச்சு கட்டுற வரைக்கும் யாரையும் எழுந்திரிக்க விடல. சமையல் அடுப்புல வெச்சுட்டு வந்தவ, பால் குடுக்கிற புள்ளையோட வந்தவ எல்லாம் மதியம் ரெண்டு மணி வரைக்கும் அந்தத் திண்ணைல. நான் முந்தானைல முடிஞ்சு வெச்சிருந்த 150 ரூபாயை குடுத்தேன், பையன் நோட்டு வாங்க வெச்சிருந்தது. செத்தது அவ புருசன், அவ வாங்கின கடன், கட்டினது நான். பெரியவங்களுக்கு சொந்தக் கடனே சொந்தம் இல்ல, எங்களுக்கு அடுத்தவ கடனும் சொந்தம். அவ மேல எனக்கு இன்னிக்கும் கோவம் வரல.

கடன்_கடன்தான்:

அக்கா நீங்க சொன்னதுக்கு என்கிட்ட பதில் இல்ல. நான் மேல எழுதினது எஃப்டி விசயத்துல சரின்னு இன்னும் நினைக்கிறேன், ஆனா லிமிடெட்டையும் குழுவையும் இப்படி பக்கத்துல வெச்சு யோசிச்சதே இல்ல.

கணக்கு_டீச்சர்:

லிமிடெட் லயபிலிட்டி தப்பு இல்லைங்க, அது இல்லைன்னா யாரும் துணிஞ்சு தொழில் ஆரம்பிக்க மாட்டாங்க. என் கேள்வி, துணிஞ்சு தோத்தா எழுந்திரிக்க வாய்ப்புங்கிறது நல்ல விசயம்னா அது ஏன் மேல இருக்கிறவங்களுக்கு மட்டும்? 2022-23ல நாட்டு மொத்த சொத்துல 40.1 சதவீதம் மேல்தட்டு 1 சதவீதம் பேர் கைலன்னு உலக சமத்துவமின்மை ஆய்வகம் கணக்கு போட்டிருக்கு. நிறைய பேர் இதை பொறாமைப் பேச்சுன்னு ஒதுக்கிடுவாங்க. சொத்து நிறைய இருக்கிறவங்களுக்கு ஒரு தொழில் கவிழ்ந்தா பத்துல ஒண்ணு போகும், தறிக்காரருக்கு இருக்கிறதே ஒரே வீடு, அது போனா எல்லாம் போச்சு. அந்த வித்தியாசத்தை சட்டம் கண்ணை மூடிக்கிட்டு தாண்டிப் போகுது.

ஓய்வு_மேனேஜர்:

ஒண்ணு விட்டுப் போச்சு. 2023 ஜூன்ல ரிசர்வ் வங்கி விட்ட சுற்றறிக்கைப்படி வேணும்னே கட்டாதவங்க, மோசடி பண்ணவங்க கூட வங்கி சமரசம் பேசலாம். அவங்க மேல கிரிமினல் நடவடிக்கை தனியா தொடரும், அது வேற. வங்கி ஊழியர் சங்கங்களே எதிர்த்து அறிக்கை விட்டாங்க. அவங்களுக்கே மேசை இருக்குன்னா முடியாமப் போன தறிக்காரருக்கு, ஏன் ஏற்கலைங்கிறதுக்கு காரணம் எழுதி ஒரு பக்கம் குடுக்க என்ன தடை? எந்த அளவு செக்யூரிட்டி இருந்தா எவ்வளவு குறைப்போம்னு ஒரு பட்டியலை கிளைல ஒட்டி வெச்சா மேனேஜருக்கும் விஜிலன்ஸ் பயம் இருக்காது. சில வங்கிகள் சின்ன கடனுக்கு அப்பப்ப அந்த மாதிரி திட்டம் போடுவாங்க தம்பி, மார்ச் நெருங்கும்போது. மண்டல அலுவலகத்துல நேர்ல போய் கேளுங்க.

வக்கீல்_கோவை:

தறிக்காரர் சார், நியாயம் பேசினது போதும், உங்க நாள் ஓடிட்டு இருக்கு. பொசஷன் எடுத்த நாள்ல இருந்து 45 நாளுக்குள்ள டிஆர்டில சர்ஃபேசி சட்டம் 17ஆவது பிரிவுல மனு போடணும், உங்களுக்கு இனி 27 நாள் தான். ஏல விளம்பரம் பேப்பர்ல வந்துட்டா அப்புறம் முழு பாக்கியைக் கட்டி மீட்கிற உரிமையும் போயிடும், 2023ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லியாச்சு. இன்னொண்ணு, 2015 மே மாச அறிவிக்கைப்படி 25 கோடி வரைக்கும் கடன் வாங்கின சிறு குறு தொழிலுக்கு, கணக்கு கெட்டுப் போறதுக்கு முன்னாடியே வங்கி ஒரு கமிட்டிக்கு அனுப்பி சீரமைக்க வழி பார்க்கணும். அது வங்கிகளை கட்டுப்படுத்தும்னு 2024 ஆகஸ்ட்ல தீர்ப்பு இருக்கு, ஆனா நாம சிறுதொழில்னு சர்டிபிகேட்டோட நாமளே கேட்டிருக்கணும்னும் அதே தீர்ப்புல இருக்கு. முதல் நோட்டீஸ், அதான் 60 நாள் டைம் குடுத்த நோட்டீஸ், அதுக்கு பதில் குடுத்தீங்களா?

தறிக்காரன்_பல்லடம்:

குடுத்தேனுங்க, கைலயே எழுதிக் குடுத்தேன். உத்யம் சர்டிபிகேட், அதான் சிறுதொழில்னு பதிவு பண்ணது, 2021ல எடுத்தது இருக்குது, அதோட ஜெராக்ஸ் வெச்சேன்னு தான் ஞாபகம். இப்படி ஒரு கமிட்டி இருக்குதுன்னு இந்த அஞ்சு வருசத்துல யாரும் சொல்லவே இல்லீங்க. மன்னார்குடி அக்கா, உங்களை அம்மாகிட்ட படிச்சுக் காட்டுனேன், ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல.

அம்மா நேத்து அந்த நோட்டீசை ஈரத் துணி வெச்சு துடைச்சு எடுக்கப் பார்த்தாங்க, வேண்டாம்னு தடுத்துட்டேன். கிழிச்சா அது வேற கேஸ் ஆயிருமாங்க?

வக்கீல்_கோவை:

தொடாதீங்க, அப்படியே இருக்கட்டும், தேதி தெரியற மாதிரி ஒரு போட்டோ எடுத்து வைங்க. நீங்க குடுத்த பதில்ல பேங்க் சீல் போட்ட காப்பி இருக்கான்னு இன்னிக்கே தேடுங்க. சர்டிபிகேட், அந்த ஒரு வரி லெட்டர், லோன் ஸ்டேட்மெண்ட் எல்லாம் எடுத்துட்டு திங்கக்கிழமை காலைல பத்தரைக்கு டிஆர்டி வாசலுக்கு வந்துருங்க. நம்பர் தனி மெசேஜ்ல அனுப்புறேன்.