முதல் ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்: 6,000 பவுணுக்குள் எதை வாங்கலாம்?

கேள்வி (ஹரோ, லண்டன்)

அண்ணாமார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 21 வயது. ஓட்டுநர் சோதனையில் சித்தியடைந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. இதுவரை அப்பாவின் யாரிஸை ஓட்டி வருகிறேன். இரண்டு வருடங்களாகச் சேர்த்த 6,000 பவுணில், ஜப்பானிலிருந்து இறக்குமதியான, மேனுவல் கியர் உள்ள ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வாங்க விரும்புகிறேன். சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்ட நிசான் சில்வியாவின் விலை என் கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டதால், யூனோஸ் ரோட்ஸ்டர், ரொயோட்டா எம்ஆர்-எஸ், ரொயோட்டா அல்டெஸா ஆர்எஸ்200 ஆகிய மூன்றில் ஒன்றைத் தெரிவு செய்ய நினைக்கிறேன். வேலைக்கும் அதே காரில்தான் போக வேண்டும். காப்புறுதியை அப்பாவின் பெயரில் எடுத்து, என்னை இரண்டாவது ஓட்டுநராகச் சேர்த்தால் செலவு குறையும் என்கிறார் மாமா. உங்கள் ஆலோசனை எனக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

பதில் 1

தம்பி, காரைப் பற்றிப் பேசுமுன் காப்புறுதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மாமா சொன்ன வழி உங்களோடு அப்பாவையும் சேர்த்துச் சிக்கலில் மாட்டிவிடும். நாள்தோறும் ஓட்டுபவர் நீங்களாக இருக்க, அப்பாவைப் பிரதான ஓட்டுநர் என்று எழுதிக் கொடுப்பதை இங்கே 'ஃபுரொன்டிங்' என்பார்கள், அது மோசடி. விபத்துக்குப் பிறகு உண்மை வெளிவந்தால் நிறுவனம் இழப்பீட்டை மறுக்கலாம், காப்புறுதியையே இரத்துச் செய்யலாம், அதன் பின் எந்த நிறுவனத்திடம் போனாலும் அப்படி இரத்தானதைப் பற்றிக் கேட்பார்கள். காப்புறுதியை உங்கள் பெயரில் எடுத்து, அப்பாவும் அந்தக் காரை இடையிடையே ஓட்டுவாரென்றால் அவரை மேலதிக ஓட்டுநராகச் சேருங்கள். அனுபவமுள்ள ஒருவரின் பெயர் சேரும்போது தொகை குறைவது உண்டு.

அல்டெஸா இங்கே அந்தப் பெயரில் விற்கப்படவில்லை. அதன் உடன்பிறப்பான லெக்ஸஸ் ஐஎஸ்200தான் விற்கப்பட்டது, அதன் என்ஜினும் வேறு. எனவே காப்புறுதிக் கட்டணங்களை ஒப்பிடும் இணையத்தளங்களை மட்டும் நம்பாமல், இறக்குமதிக் கார்களுக்கென்றே இருக்கும் காப்புறுதித் தரகர்களைத் தொலைபேசியில் அழையுங்கள். முன்னைய உரிமையாளர் மாற்றிய சைலன்சர், சக்கரம், ஸ்பிரிங் எதையும் அவர்களிடம் மறைக்காதீர்கள். காரைப் பார்க்கப் போகும் முன்பே அதன் காப்புறுதிக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டு வைத்திருங்கள், பார்த்த பிறகு மனம் கணக்குப் பார்க்காது. சித்தியடைந்த முதல் 2 வருடங்களுக்குள் 6 தண்டப் புள்ளிகள் சேர்ந்தால் அனுமதிப்பத்திரம் பறிபோய், இரண்டு சோதனைகளையும் மீண்டும் எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பதில் 2 (கராஜில் வேலை செய்பவர்)

மூன்றில் முதல் காராக நான் கை காட்டுவது யூனோஸைத்தான். 1989இல் மஸ்டா வெளியிட்ட எம்எக்ஸ்-5இன் ஜப்பானியப் பெயர்தான் அது. ஒரு டன்னுக்கும் குறைந்த எடை, பின்சக்கர இழுவை, எளிமையான 1.6 அல்லது 1.8 லீற்றர் என்ஜின். உதிரிப்பாகங்கள் இந்த நாட்டில் தாராளமாகக் கிடைக்கின்றன. எம்ஆர்-எஸ்ஸில் என்ஜின் இருக்கைகளுக்குப் பின்னால் இருப்பதால், ஈரமான வளைவில் பயந்து அக்சிலரேற்றரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் பின்பக்கம் சுழன்றுவிடக்கூடும். எட்டு மாத அனுபவத்துக்கு அது கடினமான ஆசிரியர். ஜப்பானிலிருந்து வந்தவற்றில் பல, கிளச் மிதியே இல்லாத எஸ்எம்ரி கியர் உள்ளவை, ஆகவே விளம்பரப் படத்தில் மிதிகளை எண்ணிப் பாருங்கள்.

எதை வாங்கினாலும் என்ஜினுக்கு முன் உடம்பைப் பாருங்கள். என்ஜினை மாற்றலாம், துருப்பிடித்த தகட்டை வெட்டி ஒட்டும் கூலி காரின் விலையையே தின்றுவிடும். ஜப்பானின் பல பகுதிகளில் வீதிக்கு உப்புப் போடுவதில்லை என்பதால் அங்கிருந்து வரும் கார்கள் பெரும்பாலும் துரு இல்லாமல் வந்து இறங்கும், ஆனால் அடிப்பாகத்துக்குத் துருத்தடுப்புப் பூச்சுப் பூசாமல் இங்கே சில குளிர்காலங்கள் ஓடினால் அந்த நன்மை போய்விடும். எனவே காரின் வயதைவிட, இங்கே வந்து எத்தனை வருடம் என்பதையே முதலில் கேளுங்கள். நண்பர் ஒருவருக்காக நான் பார்க்கப் போன ஒரு காரின் அடிப்பாகம் புதுக் கறுப்புப் பூச்சில் பளபளத்தது. கதவுக்குக் கீழே பின்சக்கரத்தை ஒட்டிய மூலையில் ஒரு சிறு காந்தத்தை வைத்தேன், ஒட்டாமல் கீழே விழுந்தது. பூச்சுக்குள் தகடு இல்லை, வெறும் பூச்சுமாவு. அந்தக் காந்தம் இன்றும் என் சாவிக்கொத்தில் இருக்கிறது.

பதில் 3

ஹரோ என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் யூலெஸ் பற்றி, அதாவது மாசு கூடிய வாகனங்களை ஓட்டினால் நாட்கட்டணம் அறவிடும் லண்டன் வலயத்தைப் பற்றி, ஒருவரும் பேசவில்லை. 2023 ஓகஸ்ட் 29 முதல் அது லண்டனின் எல்லாப் பேரூர்களுக்கும் உரியது. பெற்றோல் காராக இருந்தால் யூரோ 4 என்ற மாசுத் தரம் வேண்டும், பொதுவாக 2006 முதல் பதிவானவையே அதில் அடங்கும். தவறினால் ஒரு நாளைக்கு 12.50 பவுண். மாதத்தில் 22 நாள் வேலைக்குப் போனால் 275 பவுண், இரண்டு வருடத்தில் உங்கள் சேமிப்பு முழுவதும் கட்டணமாகவே போய்விடும். 90களின் யூனோஸ் பெரும்பாலும் தேறாது. இறக்குமதிக் கார்களின் பதிவுப் புத்தகத்தில் மாசு அளவு பெரும்பாலும் குறிக்கப்பட்டிருக்காது என்பதால், புதியவையும் சில வேளை கட்டணப் பட்டியலில் விழுகின்றன. காரின் பதிவு இலக்கத்தைக் கேட்டு வாங்கி, லண்டன் போக்குவரத்துத் துறையின் தளத்தில் முதலில் போட்டுப் பாருங்கள். இங்கேயே விற்கப்பட்ட 2006க்குப் பிந்திய எம்எக்ஸ்-5 அல்லது சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் உங்கள் கணக்குக்கு நெருக்கமாக வரும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு அப்பாவுடன் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்; யூலெஸ் பற்றிய பதிலை அவர் இரண்டு முறை வாசித்தார். இறக்குமதி ஆசையை இப்போதைக்கு ஒதுக்கி வைக்கிறேன். 2007ஆம் ஆண்டு எம்எக்ஸ்-5 ஒன்று வொட்ஃபோர்டில் விற்பனைக்கு இருக்கிறது. என் பெயரில் கேட்ட காப்புறுதித் தொகையும் தாங்கக்கூடியதாகவே வந்தது. சனிக்கிழமை பார்க்கப் போகிறோம்.

பதில் 2

நல்லது தம்பி. போகுமுன் அரச இணையத்தளத்தில் அதன் எம்ஓரி (வருடாந்தத் தகுதிச் சோதனை) வரலாற்றை வாசித்து, 'துரு' என்று எழுதியிருக்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். துணிக் கூரையாக இருந்தால், மழைநீர் இறங்கும் குழாய்கள் அடைபட்டிருக்கின்றனவா என்று ஒரு போத்தல் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள்: அது பின்சக்கரத்துக்கு முன்னால் நிலத்தில் சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால், இருக்கைக்குப் பின்னால் உள்ள கம்பளத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, என்னைக் கூப்பிடுங்கள்.